வேரைத் தின்ற மீன்

அக்கா,

கை இன்னும் நாறுகிறது. சோப்புப் போட்டுக் கழுவினேன், எலுமிச்சை மூடியைத் தேய்த்தேன், போவேனா என்கிறது. பாசி, சேறு, அழுகின இலை எல்லாம் சேர்ந்த ஒரு வாடை. மீன் ஜாடியைக் கழுவினவர்களுக்குத்தான் அது தெரியும். நீங்களானால் கையைப் புடவைத் தலைப்பில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நேரே சப்பாத்தி மாவு பிசையப் போயிருப்பீர்கள். அந்தச் சப்பாத்தியை நானும் தின்றிருக்கிறேன். சத்தியமாக ஒரு நாளும் இந்த வாடை அடித்ததில்லை. அது எப்படி என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான், உலை பொங்கி அடுப்பை அணைக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். பதில் வராது என்று தெரியும். உயிரோடு இருந்தபோதே என் கேள்விகளுக்கு நீங்கள் ஒழுங்காகப் பதில் சொன்னது கிடையாது.

கீழே நீங்களும் அத்தானும், மாடியில் நானும் இவரும். அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும் ஒரே வாசலில் புழங்கினால் தெருவுக்கு நல்ல வேடிக்கை என்று எதிர்வீட்டார் ஆசையோடு காத்திருந்தார்கள். அவர்களை நாம் முழுசாக ஏமாற்றவில்லை. அவ்வப்போது ஒரு சண்டை போட்டோம். ஆனால் சண்டை போட்ட அன்றைக்கும் உங்கள் மீன் குழம்பு மாடிக்கு வந்துவிடும். கொண்டுவந்து வைக்கிற சத்தத்தில்தான் கோபம் எவ்வளவு மிச்சம் என்று நான் கணக்குப் போடுவேன்.

அந்த ஜாடி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? உங்கள் கல்யாண நாளுக்கு உங்கள் மகள் பெங்களூரிலிருந்து மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். இடுப்புச் சிறுத்த பெரிய கண்ணாடிப் பூ ஜாடி. அடியில் கலர் கலராகக் கூழாங்கல், நடுவில் நீலமாக ஒரு ஃபைட்டர் மீன், மேலே வெள்ளைப் பூ விடுகிற ஏதோ அழகுச் செடி. செடியின் வேரெல்லாம் தண்ணீருக்குள் தாடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. "இதுக்கு நீ ஒண்ணுமே செய்ய வேணாம்மா. மீன் வேரைத் தின்னுக்கும், மீனோட கழிவைச் செடி எடுத்துக்கும். கடையிலயே சொல்லித்தான் குடுத்தாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்களோ ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"இதுல என்ன அதிசயம்? நடவு வயல்ல நெல்லு வேருக்குள்ள கெண்டைக் குஞ்சும் விரால் குஞ்சும் ஓடலியா? அதுக்கெல்லாம் யாரு சோறு வச்சா?"

"பூ ஜாடியும் வயலும் ஒண்ணாக்கா?" என்றேன்.

"தென்னந்தோப்புக்காரிக்கு வயலைப் பத்தி என்னடி தெரியும்?"

திருவையாற்றுப் பக்கம் வாய்க்கால் கரையில் பிறந்தவர் நீங்கள். நான் பட்டுக்கோட்டைக்காரி. தேங்காயைத் தட்டிப் பார்த்து முற்றலா இளசா என்று சொல்வேனே தவிர, வயலில் கால் வைத்தால் முழங்கால் வரை புதைந்து செருப்பைத் தொலைப்பேன். மீன் என்ன தின்னும் என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

விடாமல் பிடித்துக்கொண்டது வேறொன்றை. அவ்வளவு அழகான ஜாடியைக் கொண்டுபோய்ப் பின்பக்கப் படிக்கட்டு திரும்புகிற இடத்தில், ஜன்னல் ஓரத்தில் வைத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டாமா? ஹாலில் வைக்கலாம் என்றேன். "அது இங்கதான் இருக்கணும்" என்றீர்கள். ஏன் என்றேன். "இங்கதான்னா இங்கதான்" என்றீர்கள். ஒரு நாள் நானே தூக்கிக்கொண்டுபோய் ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தேன். நீங்கள் வந்து ஒரு வார்த்தை பேசாமல் தூக்கிக்கொண்டு போனீர்கள். அந்தக் கோபத்தில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் எத்தனை வாரம் ஓட்டினோம்! "உங்க தம்பி பெண்டாட்டிகிட்ட சொல்லுங்க, தண்ணி மோட்டாரைப் போடச் சொல்லி" என்று அத்தானிடம் சொல்வீர்கள். நான் அடுத்த படியில் நிற்பேன்.

காரணம் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். அதுதான் எனக்கு ஆற்றாமை. மகளிடம் பேசுவீர்கள், எதிர்வீட்டாரிடம் பேசுவீர்கள், பூக்காரம்மாவிடம் மாமியார் காலத்துக் கதை வரைக்கும் பேசுவீர்கள். என்னிடம் மட்டும் "இங்கதான்னா இங்கதான்."

படிக்கட்டுக்குக் கீழே, கொல்லைப்புறத்தில் அந்தப் பழைய ஆட்டுக்கல் கிடந்தது. கிரைண்டர் வந்த பிறகு அதில் மாவு அரைப்பார் யாருமில்லை. நீங்கள்தான் அதன் குழியில் தண்ணீர் ஊற்றி வைப்பீர்கள், பக்கத்து ஆணியில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரைத் தொங்கவிட்டிருப்பீர்கள். காலையில் எழுந்ததும் அதிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு வந்து ஜாடியில் விடுவது உங்கள் வழக்கம். கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கும், மீனுக்கு ஆகாது, நின்று வாடை போன தண்ணீர்தான் ஆகும் என்பீர்கள். ஜாடியின் கழுத்துக்குக் கீழே நாலு விரல் இடம் விட்டுத்தான் ஊற்றுவீர்கள். "அது மேல வந்து மூச்சு விட்டுட்டுப் போகும்டி, வாயை அடைச்சுடக் கூடாது." அதைப் பார்த்துக்கொண்டு நான் படியில் நின்றிருக்கிறேன். மீன் அந்த நேரத்தில் மேலே பாய்ந்து வரும். உங்களைத் தெரிந்துகொண்டு வருகிறது என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் சொன்னீர்கள்.

இதற்கு நடுவில் அத்தான். அவரைப் பற்றி உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெங்கு வந்து பிழைத்து எழுந்ததிலிருந்து அவருக்குக் கொசு என்றால் ஜென்மப் பகை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்தால் சட்டையைக் கூட மாற்றாமல் பட்டப்பகலில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கொட்டாங்கச்சி, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற டிரே, ஒன்றையும் விடமாட்டார். "கொசு கலெக்டர் கேம்ப் கெளம்பிட்டாரு" என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பீர்கள். ஆனால் சனிக்கிழமை சாயங்காலமே ஆட்டுக்கல் தண்ணீரை இறைத்துச் செம்பருத்திக்கு ஊற்றி, குழியைத் துணியால் துடைத்துவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை கலெக்டர் வந்து பார்க்கும்போது அது எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கும். அவர் போனதும் மறுபடி தண்ணீர் ஏறும். அதை நான் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றுதான் தெரியுமே.

புரட்டாசி முடிகிற நேரம், சம்பா நடவு நடந்துகொண்டிருந்தபோது, நெஞ்சு என்னவோ பண்ணுகிறது என்று உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது நீங்கள் இல்லை. என் மடியில்தான் தலை இருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை, அக்கா.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, மகளும் லீவு முடிந்து கிளம்பிய பிறகு, அத்தான் படிக்கட்டுக்குப் போய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உங்கள் அறையில், மாதா படத்துக்குக் கீழே உங்கள் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தார். மாலை, சின்ன பல்பு, ஜாடி. நான் ஆசைப்பட்ட மாதிரியே ஜாடி உள்ளே வந்தது. சந்தோஷப்படத்தான் முடியவில்லை. பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குடிக்க வாங்குகிற கேன் தண்ணீரை ஊற்றினார். செடியின் இலையை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். உங்களுக்குச் செய்ய நினைத்ததை எல்லாம் அந்த ஜாடிக்குச் செய்தார்.

ஆனால் சாப்பிடவில்லை. மாடியிலிருந்து தட்டு அனுப்புவேன், ஒரு ஓரத்தில் விரல் பட்ட அடையாளத்தோடு திரும்பி வரும். "பசிக்கலம்மா" என்பார். இவர் போய்ச் சத்தம் போட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்துவிட்டது. அண்ணனையும் அள்ளிக் கொடுத்துவிடுவோமோ என்று இவர் ஒரு நாள் சமையல்கட்டில் என்னிடம் அழுதார்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனவள் அறையில் அழுகல் வாடை அடிக்கவே ஜாடிப் பக்கம் போனேன். கூழாங்கல் மேல் என்னவோ வெள்ளையாக ஊறிப் பஞ்சு பூத்துக் கிடந்தது. கடையில் விற்கிற மீன் தீனி. டப்பா டப்பாவாக வாங்கிப் போட்டிருக்கிறார். மீன் சாம்பல் நிறமாகி, வேருக்கு அடியில் சாய்ந்து கிடந்தது. வேர் மட்டும் கொஞ்சமும் குறையாமல் நீண்டு வளர்ந்திருந்தது.

"நான் போட்டா தின்ன மாட்டேங்குது செலின்" என்றார் அத்தான். "வாயில எடுக்குது, துப்பிடுது. அவ இருந்தப்ப எப்படிப் பாஞ்சு வரும்! அதுக்குத் தெரியுது. நான் ஆகாதவன்னு அதுக்குத் தெரியுது."

அக்கா, அறுபத்தைந்து தாண்டிய மனுஷர், கரண்ட் ஆபீசில் ஒரு கூட்டத்தையே மேய்த்தவர், ஒரு மீன் தன்னை ஒதுக்கிவிட்டது என்று குழந்தை மாதிரி உதடு நடுங்க நிற்கிறார். என்ன சொல்லித் தேற்றுவது? மீனும் போய்விட்டால் இவர் அடுத்த தட்டைத் தொடவே மாட்டார் என்று அப்போது எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

பெங்களூருக்குப் போன் போட்டேன். "வேரைத்தானே சித்தி திங்கும், அம்மா ஒண்ணுமே போட மாட்டாங்களே" என்றாள் மகள். வேர் அப்படியே இருக்கிறதே என்றேன். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை. உங்கள் சமையல்கட்டு அலமாரி முழுக்கத் துழாவினேன், ஒரு தீனிப் பொட்டலம் கூட இல்லை. வேரையும் தின்னாமல், தீனியும் இல்லாமல் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு மீன் எப்படி உயிரோடு இருந்தது? உங்கள் முகத்தைப் பார்த்தே வயிறு நிறைந்ததா?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் ஒரு காலை, கொசுப்புழு பார்க்கிற கார்ப்பரேஷன் பெண் வந்தாள். வழக்கமாக நம் வீட்டில் அவளுக்கு வேலையே இருக்காது. அத்தானே முன்னால் நடந்து சுற்றிக் காட்டி அனுப்புவார். அன்றைக்கு அவர் கதவுப் பக்கம் வெறுமனே நின்றார். கொல்லைக்குப் போனவள் அங்கிருந்தே கத்தினாள்.

"சார், என்ன சார் இது! உங்க வீட்லயா! ஆட்டுக்கல்லு பூரா நெளியுது பாருங்க!"

மழைத் தண்ணீர் தேங்கி, நூல் நூலாக அத்தனை புழு. சனிக்கிழமை இறைக்கத்தான் ஆள் இல்லையே. அவள் கல்லைச் சாய்க்கப் போனாள். பக்கத்து ஆணியில் உங்கள் டம்ளர் தொங்கிக்கொண்டிருந்தது.

"இரும்மா, கொட்டாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் கையை எடுத்துவிட்டாள். டம்ளரை எடுத்து ஒரு மொள்ளு மொண்டேன்.

"எதுக்கும்மா அது? புழும்மா!"

நான் உள்ளே ஓடினேன். அவள் பின்னால், அத்தான் அவளுக்குப் பின்னால். ஜாடியில் மெதுவாகச் சாய்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தச் சாம்பல் மீன் தலையைத் திருப்பியது. ஒரு புழு நெளிந்து கீழே இறங்கியது. லபக். அடுத்தது. லபக். கிடந்த கிடையிலிருந்து எழுந்து மேலே பாய்ந்து வந்தது, உங்கள் டம்ளருக்குப் பாய்ந்து வருமே, அதே மாதிரி.

"அட, திங்குது பாருங்களேன்!" என்று அந்தப் பெண் கை தட்டினாள்.

அத்தான் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்து உங்கள் போட்டோவைப் பார்த்தார். அவர் முகம் சிவந்துகொண்டு வந்தது.

"அடிப்பாவி! கொசுவையாடி வளத்த? என் வீட்டுக்குள்ளயே? நான் டார்ச் அடிச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுறேன், நீ கொல்லையில பண்ணை வச்சு நடத்தியிருக்க! வேரு திங்குது வேரு திங்குதுன்னு என் தலையில நல்லா மொளகா அரைச்சியேடி!"

அடக்கம் நடந்த நாளிலிருந்து அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்கவில்லை. கத்தினார், கத்திக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். கார்ப்பரேஷன் பெண் பயந்துபோய் வெளியே நழுவிவிட்டாள். நான் டம்ளரைப் பிடித்தபடி நின்றேன்.

அழுது ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அவ தெரிஞ்சுதான் செஞ்சாளா செலின்?"

என் கேள்வி இதுதான், அக்கா. நீங்கள் தெரிந்துதான் செய்தீர்களா?

தெரிந்துதான் என்று ஒரு மனசு சொல்கிறது. சனிக்கிழமை துடைத்து வைத்தது வேறு எதற்கு? சொன்னால் அத்தான் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிடுவார், மீன் பட்டினி கிடக்கும், அதனால் வாயை மூடிக்கொண்டீர்கள். வயலில் மீன் என்ன தின்று வளர்கிறது என்று வாய்க்கால் கரைக்காரிக்குத் தெரியாதா? ஜாடியை அந்த இடத்தை விட்டு நகர்த்த மாட்டேன் என்று நின்றதும் ஆட்டுக்கல் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றுதான்.

போடி, என்கிறது இன்னொரு மனசு. அழகு கெட்டுவிடும் என்று கண்ணாடி போட மாட்டேன் என்றவர் நீங்கள். ரசத்தில் சீரகத்துக்குப் பதில் சோம்பைப் போட்டுவிட்டு, இது ஒரு தினுசு ரசம் என்று சாதித்தவர். கத்தரிக்காயில் புழு இருக்கிறதா என்று பார்க்க என்னை மாடியிலிருந்து கூப்பிடுகிறவருக்கு, டம்ளர் தண்ணீரில் நெளிகிற நூல் தெரிந்திருக்குமா? மருந்து வாடை போக வேண்டும் என்று நின்ற தண்ணீரை ஊற்றினீர்கள், அத்தான் கத்துவார் என்று சனிக்கிழமை இறைத்தீர்கள், செடிக்கு வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னல் ஓரம் வைத்தீர்கள். வேரைத் தின்கிறது என்று உண்மையாகவே நம்பினீர்கள். இதுவும் பொருந்தித்தான் போகிறது. பொருந்துவதுதான் என் கஷ்டமே.

அன்றைக்கு இவ்வளவும் யோசிக்க எனக்கு நேரம் எங்கே இருந்தது? அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொன்னால் அந்தக் கோபம் போய்விடும், மறுபடி படுத்துக்கொள்வார் என்று பயந்தேன்.

"தெரிஞ்சுதான் அத்தான்" என்றேன்.

"திருட்டுக் கழுதை" என்றார், அவ்வளவு ஆசையோடு. பிறகு, "சோறு இருக்காம்மா?" என்றார்.

இப்போது தேறிவிட்டார். மீனும் நீலத்துக்குத் திரும்பிவிட்டது. ஜாடியை அவரே படிக்கட்டில் கொண்டுபோய் வைத்தார். காலையில் டீ வடிகட்டியோடு ஆட்டுக்கல்லுக்குப் போய், ஒரு புழு மிச்சமில்லாமல் அரித்து எடுத்து ஜாடியில் விடுகிறார், சனிக்கிழமை தவறாமல் கல்லைத் தானே காயப் போடுகிறார். சாப்பிடும்போதெல்லாம் உங்கள் கதைதான். எப்படி ஒளித்தீர்கள், எப்படிச் சமாளித்தீர்கள் என்று தினமும் புதுசாக ஒன்று சேர்க்கிறார். ஒரு கதையில் நீங்கள் டம்ளரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவருக்கு எதிரிலேயே நடந்து போகிறீர்கள். நான் உம் கொட்டுகிறேன். அந்தக் கதையில் வருகிற அக்கா கெட்டிக்காரி, குறும்புக்காரி. அது நீங்கள்தானா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவருக்குக் கொடுத்தது உங்களைத்தானா, இல்லை வேறு யாரையாவதா?

இதோடு போயிருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். நேற்று ஜாடியைக் கழுவ எடுத்துக் கொடுத்தபோது அத்தான் திடீரென்று கேட்டார்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது செலின்? அவ உங்கிட்ட சொல்லியிருந்தாளா?"

அவருக்கு இப்போது எந்தப் பொய்யும் தேவையில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். டம்ளரைப் பார்த்ததும் தோன்றியது என்று சொல்லியிருந்தால் சரி என்று போயிருப்பார். எனக்கு வாயில் வந்தது வேறு.

"எங்கிட்ட மட்டும் சொன்னாங்க அத்தான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். நான் ஜாடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். அதை நான் அவருக்காகச் சொல்லவில்லை, அக்கா.